சாப்பிட்டு வந்தால் நெட் வராது

போன வாரம் உங்களில் ஒரு தம்பி போன் செய்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். "சார், ஒரு எடத்துல நெட்டு வரலைன்னு கூப்பிட்டுகிட்டே இருக்காங்க. நான் போனா நல்லா வருது. பழுது எதுவும் இல்லைன்னு எழுதி மூடிட்டேன். சரிதானுங்களே?" என்று கேட்டார். சரியில்லை என்றேன். ஏன் என்று விளக்க ஆரம்பிப்பதற்குள் அவருடைய பஸ் தொப்பூர் கணவாயில் இறங்கிவிட்டது போலிருக்கிறது, சிக்னல் போய்விட்டது. திரும்பக் கூப்பிடுவார் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. ஆகவே எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை. எல்லோரும் படியுங்கள், அந்தத் தம்பி இரண்டு தடவை படிக்கட்டும்.

நம் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் பழுதைச் சரிசெய்வது பாதி வேலைகூட இல்லை. பழுது என்று ஒன்று இருப்பதைப் பொருளைச் செய்த கம்பெனி ஒப்புக்கொள்வதற்குள்தான் நாக்குத் தள்ளிவிடும். ஒரு பக்கம் நம் ஊர் ஆட்கள். "கம்ப்யூட்டரு மொறைக்குதுங்க" என்பார்கள். "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு, இன்னிக்கு மொகமே சரியில்ல" என்பார்கள். இன்னொரு பக்கம் பெங்களூரில் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு முறைப்பும் முகமும் பிடிபடாது. என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று மூன்று கட்டம் வைத்திருப்பார்கள். நிரப்பாவிட்டால் புகாரைத் திறக்க மாட்டார்கள். நிரப்பினால் திறந்து பார்த்துவிட்டு மூடுவார்கள். இரண்டு பக்கத்துத் திட்டையும் நடுவில் நின்று வாங்குவதற்குத்தான் நமக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

நான் சொல்லப்போவது காரிமங்கலம் தாண்டி உள்ளே தள்ளியிருந்த ஒரு மாங்கூழ் ஆலையில் நடந்தது. ஆலையின் பெயர் வேண்டாம். சீசனில் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஏரியூர், பென்னாகரம், அரூர் பக்கமிருந்தெல்லாம் வந்து ரோடு வரைக்கும் நிற்கும். உள்ளே வந்ததும் ஒவ்வொரு வண்டியும் எடைமேடையில் ஏற வேண்டும். வெளியே ஒரு பலகையில் சிவப்பு எண்களில் எடை தெரியும். பக்கத்து அறையில் இருக்கும் பெண் வண்டி எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால், அந்த எடை ஒயர் வழியாக அலுவலகத்துக்குப் போய் அங்கே சீட்டு அச்சாகும். சீட்டு வந்தால்தான் வண்டி காயை இறக்கலாம். அந்த ஒயரைக் கம்ப்யூட்டரோடு பேச வைப்பது உள்ளே இருக்கும் நெட்வொர்க் கார்டு. அந்தக் கார்டை மேய்ப்பது டிரைவர் என்கிற சின்ன மென்பொருள். ஆலைக்காரர்களுக்கு இது மொத்தமும் 'நெட்டு'. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

எடைமேடை அறையில் இருந்த பெண் பெயர் மஞ்சுளா. முப்பது வயதிருக்கும். அதற்கு முன் பல சீசன் அதே ஆலையில் காய் வெட்டும் பிரிவில் நின்றவர். நாள் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டும், மாங்காய்ப் பால் பட்டுக் கையெல்லாம் புண்ணாகிவிடும். வேலை முடிந்து பாலக்கோடு போய்க் கம்ப்யூட்டர் கிளாஸ் படித்து, மேனேஜரிடம் பலமுறை கேட்டு, அந்த நாற்காலிக்கு வந்திருந்தார். வெட்டுகிற இடத்திலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். உட்கார்ந்து ஒரு சீசன்கூட முழுதாக ஓடவில்லை, அதற்குள் நெட்டு மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டது.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. சீசன் நேரத்தில் அவருக்கு யார் மேலும் நம்பிக்கை இருக்காது, அவ்வளவுதான். அவர் என்னிடம் சொன்ன கணக்கு இது. "காலையில நெட்டு வருது. சாயந்தரம் வருது. மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் மட்டும் போயிருது. சாப்பிட்டா யாருக்குங்க தூக்கம் வரும்? நெட்டுக்கா வரும்? அந்தப் பொண்ணுதான் ஒயரைப் புடுங்கி வுட்டுட்டு சாஞ்சுக்குது."

மஞ்சுளாவின் புகார்கள் எழுத்தில் வராது. வாட்ஸப்பில் பேசி அனுப்புவார். ஒன்றை உங்களுக்காக நினைவிலிருந்து சொல்கிறேன். "வணக்கம் சார், மஞ்சுளா பேசறேன். மறுபடியும் நெட்டு போச்சுங்க. வெளிய வண்டிங்க நிக்குது, மேனேஜர் சார் வந்து காச்சுமூச்சுன்னு கத்திட்டுப் போறாரு. இந்த ஃபேன் வேற சுத்த மாட்டேங்குது. நான் சாப்பிட்டு வந்து ஒக்காந்தேன், நெட்டு இல்ல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், அப்பவும் வரல. நாளைக்கு எங்க அக்கா பொண்ணுக்கு சீருங்க, லீவு கேக்கலாம்னு இருந்தேன், இப்ப எந்த மொகத்த வச்சிக்கிட்டுக் கேக்கறது, நீங்களே சொல்லுங்க."

இதை இங்கிலீஷில் ஆக்கி, கார்டு கம்பெனிக்கு அனுப்பினேன். ஃபேனையும் சீரையும் விட்டுவிட்டேன், சாப்பாட்டை விடவில்லை. பெங்களூரில் பிரஜ்வல் என்று ஒரு பையன்தான் அந்த டிரைவருக்குப் பொறுப்பு. பதில் மரியாதையாக வந்தது. கடைசியாக வந்த டிரைவரைப் போடச் சொன்னான். அதுதான் போட்டிருக்கிறது என்றேன். அப்படியானால் பழையதைப் போடச் சொன்னான். போட்டேன், அதற்குக் கார்டு இருப்பதே தெரியவில்லை. இதற்குப் பிறகு, "எங்கள் லேபில் இந்தக் கார்டு நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் சொல்லும் பழுதை இங்கே வரவழைக்க முடியவில்லை" என்று எழுதிப் புகாரை மூடிவிட்டான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், உங்களுக்கே தெரியும். "உங்கள் லேபில் வேலை செய்வது குறித்து மகிழ்ச்சி. லேபைக் காரிமங்கலத்துக்கு அனுப்பிவையுங்கள்" என்று எழுதினேன். "அது சாத்தியமில்லை, வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று பதில் வந்தது. கிண்டல் செய்தால் கோபித்துக்கொள்கிறவனைச் சமாளிக்கலாம். கிண்டல் என்றே புரியாதவனை ஒன்றும் செய்ய முடியாது.

திரும்பப் புகார் போட்டேன். இந்தத் தடவை பிரஜ்வல் போனிலேயே வந்தான், கன்னட வாடை அடிக்கும் தமிழில் பேசினான். "சார், பழுது இருக்கும்போதே நான் மெஷினுக்குள்ள பார்க்கணும். சரியானதுக்கு அப்புறம் பார்த்தா எதுவும் இருக்காது" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் பழுதை நானே கண்ணால் பார்த்ததில்லை. தருமபுரியிலிருந்து நான் போய்ச் சேரும்போது நெட்டு குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். மஞ்சுளா என்னைப் பார்ப்பார், மேனேஜர் மஞ்சுளாவைப் பார்ப்பார். நான் டீ குடித்துவிட்டு வருவேன்.

அந்த ஆலையில் என்னை வரவேற்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். என்ஜினியர் வருகிறார் என்று கேட்டில் தகவல் வந்ததும் எடைமேடை அறையே மாறிவிடும். தரை கூட்டித் துடைத்திருப்பார்கள். மேசையில் ஒரு தூசி இருக்காது. பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டு விரித்திருப்பார்கள். கம்ப்யூட்டர் பளபளவென்று இருக்கும். வருகிறவர் வெளியூர் ஆள், குப்பைக்குள் கை விட வைக்கக் கூடாது என்கிற மரியாதை. இந்த மாவட்டத்தில் எங்கே போனாலும் இது உண்டு, எனக்கும் அது பிடிக்கும்.

ஒருநாள் கிளம்புவதற்கு முன் போன் செய்து, "நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னேன். போனால், வழக்கம்போல நெட்டு ஓடுகிறது. கத்தினேன். கூட்டித் துடைக்கும் கௌரியம்மாள் முன்னால் வந்து நின்றார். "நாங்க தொடலைங்க சார். தொடச்சி மட்டும்தான் வச்சோம்."

"எப்படித் தொடச்சீங்க?"

"எப்பவும் போலத்தான். ஒயரையெல்லாம் புடுங்கிட்டு, ஈரத்துணி போட்டுத் தொடச்சிட்டு, திருப்பி மாட்டிடுவேன். கரண்ட் இருக்குதில்லங்க, ஷாக் அடிச்சிருச்சின்னா?"

நான் துண்டு விரித்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் வருகிறேன் என்கிற செய்திதான் பழுதைக் குணமாக்கியிருக்கிறது. மஞ்சுளா கம்ப்யூட்டர் பொத்தானை அணைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார், அது போதவில்லை. கௌரியம்மாள் மின்சார ஒயரையே பிடுங்கியதால் கார்டு மொத்தமாகச் செத்துப் பிழைத்திருக்கிறது.

இப்போது உங்களில் பலர் நினைப்பது எனக்குத் தெரியும். மருந்து கிடைத்துவிட்டதே, பழுது வந்தால் ஒயரைப் பிடுங்கி மாட்டு என்று மஞ்சுளாவிடம் சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே என்று. வாயைத் திறக்கப் போனேன். அப்போது மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பெண் ஒயரைப் பிடுங்குகிறாள் என்பதுதான் அவருடைய புகாரே. இன்று நான் பிடுங்கச் சொன்னால், நாளைக்கு அவர் வந்து பார்க்கும்போது மஞ்சுளா கையில் ஒயர் இருக்கும். வாயை மூடிக்கொண்டேன். நம் வேலையில் வாயை மூட வேண்டிய நேரம் அதிகம் வராது, வரும்போது தவற விடாதீர்கள்.

கிளம்பும்போது மேனேஜர் வண்டி வரைக்கும் கூடவே வந்தார். "சார், நீங்க நல்லவரு. ஆனா உங்க கம்ப்யூட்டர்ல ஒன்னும் இல்லைன்னு எனக்கே தெரியுது. நாளைக்கு ஒருநா பாப்பேன். மத்தியானம் நெட்டு போச்சின்னா அந்தப் பொண்ணு சாயந்தரமே வெட்டுற எடத்துக்குப் போயிடலாம். வேற ஆளு சொல்லி வச்சிட்டேன்" என்றார். உள்ளே மஞ்சுளா காதிலும் அது விழுந்திருக்கும். திரும்பிப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போவதைவிட, பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் என்கிற பெயரோடு பழைய ஆட்களுக்கு நடுவில் போய் நிற்பதுதான் அவருக்குப் பெரிது. எனக்கு மனசு கேட்கவில்லை.

மறுநாள் நான் யாருக்கும் சொல்லாமல் போனேன். கம்பெனி வண்டியில் போனால் கேட்டிலேயே தெரிந்துவிடும், அதனால் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். வரிசையில் முதலாவதாக நின்ற டிராக்டர் ஏரியூர் மாது என்பவருடையது. "உள்ள கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன். "மாங்காயோட மாங்காயா ஏறிக்கங்க" என்றார். மட்கார்டில் உட்கார்ந்து, அவருடைய துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். காவல்காரர் சல்யூட் அடிக்காமல் விட்டது அன்றைக்குத்தான்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. டிராக்டர் எடைமேடையில் ஏறியது. மஞ்சுளா டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, மவுஸை அசைத்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், திரை விழித்தது. ஓரத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. நெட்டு இல்லை. அவர் முகம் செத்துவிட்டது. நான் மட்கார்டிலிருந்து குதித்த குதியில் பலகையில் எடை ஆடியது. "சாரு எடையையும் சேத்துக் காசு குடுங்க" என்று மாது கத்தினார்.

அறைக்குள் ஓடினேன். பழுது கண்ணெதிரே உயிரோடு இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் யாருடைய கல்யாணத்திலும் அடைந்ததில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும், "அய்யய்யோ, சொல்லாம கொள்ளாம வந்துட்டாரே" என்று கௌரியம்மாள் ஈரத்துணியோடு பாய்ந்து வந்து பிளக்கில் கை வைத்துவிட்டார். சர்வீஸ் முழுக்க எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன், ஆனால் அன்றைக்கு ஒரு ஈரத்துணியைப் பார்த்துக் கத்தினது மாதிரி கத்தினதில்லை. அவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கையை மெதுவாகப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

மேனேஜர் வந்தார். "பாத்தீங்களா? நான் சொன்னனா இல்லையா? சாப்பிட்டு வந்ததும் போச்சு."

"ஒயரு மாட்டித்தான் இருக்குது, பாருங்க. யாரும் புடுங்கல. இது டிரைவர் பிரச்சினை" என்றேன்.

"என்கிட்ட லைசென்சு இருக்குதுங்க" என்று வெளியிலிருந்து மாது சொன்னார்.

பிரஜ்வலைக் கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்தார்கள். அவன் சாப்பிடப் போயிருக்கிறானாம். அந்த நேரத்தில் வெளியே ஹாரன் ஆரம்பித்தது. வெயில் அப்படி. தார்ப்பாய் போட்டாலும் காய் வெம்பும், வெம்பிய காயை ஆலை திருப்பி அனுப்பும். ஒவ்வொரு டிராக்டரும் ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம். நான் பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் எல்லா ஹாரனும் நிற்கும், எல்லோரும் என்னை வாழ்த்துவார்கள், சாயந்தரம் மஞ்சுளா வெட்டுகிற இடத்துக்குப் போவார். பிடுங்காவிட்டால் விவசாயிகள் என்னையே வெட்டுவார்கள். இரண்டில் எது சரி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது மாதிரி நின்றேன், அவ்வளவுதான்.

மேனேஜர் கையால் சீட்டு எழுதிக் கொடுக்கலாம் என்றார். வரிசையில் இருந்த எல்லோரும் ஒரே குரலில் மாட்டோம் என்றார்கள். கையால் எழுதுகிற எடையில் அவர்கள் போன தலைமுறையிலேயே ஏமாந்து பட்டுவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் வெளிப் பலகை கண்ணில் பட்டது. எடை அதில் சிவப்பாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எரிகிறது. அது நெட்டோடு சம்பந்தப்பட்டது இல்லை. "பலகையும் வண்டி நம்பரும் ஒன்னா தெரியற மாதிரி அவங்கவங்க போன்ல படம் எடுத்துக்கங்க. மேனேஜர் சாரும் தன் போன்ல ஒன்னு எடுக்கட்டும். ரெண்டும் ஒத்துப்போனா சீட்டு அப்பறம் வரட்டும், காயை இப்பவே எறக்கலாம்" என்றேன். மேனேஜர் யோசித்தார். ஹாரன் அவருக்காக முடிவு செய்தது.

அதற்குப் பிறகு எடைமேடை ஸ்டூடியோ ஆகிவிட்டது. வண்டியும் பலகையும் மட்டும் போதும் என்றால் யாரும் கேட்கவில்லை, எல்லோரும் தாங்களும் படத்தில் நின்றார்கள். ஒருவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துதான் நிற்பேன் என்றார். இன்னொருவர் கண்ணை மூடிவிட்டதாகச் சொல்லி டிராக்டரைப் பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினார். மேனேஜர் வேகும் வெயிலில் நின்று, "கொஞ்சம் லெஃப்டுல வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். மஞ்சுளா நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார், கை தவறிக்கூட எதன் மேலும் பட்டுவிடக் கூடாது என்று.

பிரஜ்வல் சாப்பிட்டு வந்து கூப்பிட்டான். என் போனை ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் செருகி, போனில் இருந்த இன்டர்நெட் வழியாக அவன் பெங்களூரிலிருந்தே உள்ளே பார்க்க வழி கொடுத்தேன். பேசுவதற்கு மாதுவின் போனை வாங்கி வீடியோவில் அவனைக் கூப்பிட்டேன். கண்ணாடி விரிசல் விட்ட போன், அதில் பிரஜ்வல் முகம் நாலாகத் தெரிந்தது.

"சார், ஒரு தடவை ரீஸ்டார்ட் செஞ்சு பாருங்களேன்" என்றான்.

"மாட்டேன்" என்றேன்.

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் மாராண்டஹள்ளிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், என் தோளுக்கு மேல் தலையை நீட்டினார். திரையில் கன்னட முகத்தைப் பார்த்ததில் அவருக்குக் குஷி. "ஊட்ட ஆய்தா?" என்று கேட்டார். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். பிரஜ்வல் பழக்க தோஷத்தில், "ஆய்து, நிம்து?" என்று திருப்பிக் கேட்டுவிட்டான். பெரியவர், "நம்து இன்னூ ஆகில்ல" என்று சொல்லி, போனை என் கையிலிருந்து வாங்கி, வெளியே நிற்கிற வண்டி வரிசையைப் பொறுமையாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காட்டினார். எங்களுக்கு இன்னும் ஆகவில்லை, இவ்வளவு பேருக்கும். அதற்குப் பிறகு பிரஜ்வல் ரீஸ்டார்ட் பற்றிப் பேசவில்லை. தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "ஓ" என்றான்.

டிரைவர் எழுதுகிற பிள்ளைகள் வாயிலிருந்து 'ஓ' வருவது சாமானியம் இல்லை. நான் புகார் போட ஆரம்பித்ததிலிருந்து அந்த ஒரு எழுத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

"சார், இந்த மெஷின் தூங்குமா?"

மேனேஜர் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு வந்தார். "யாரு தூங்கறது?"

"கம்ப்யூட்டருங்க" என்றேன். "யாரும் தொடாம வுட்டா கொஞ்ச நேரத்துல அதுவா தூங்கிடும். கரண்ட் மிச்சம் பண்றதுக்கு."

பிரஜ்வல் விளக்கினான். சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் தூங்குகிறது, கார்டும் கூடவே தூங்குகிறது. மஞ்சுளா வந்து எழுப்பினால் கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்துவிடுகிறது. கார்டு எழுவதற்குள் டிரைவர் அதை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லை என்றதும், இல்லாத கார்டு என்று முடிவு கட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு கூப்பிடுவதே இல்லை. கம்ப்யூட்டர் பொத்தானை அணைத்தாலும் கார்டுக்கு உள்ளூர மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதால் அது அரைத் தூக்கத்திலேயே கிடக்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலோ, ராத்திரி மெயினை அணைத்தாலோ மட்டும் தெளிகிறது. "எங்க லேப்ல மெஷின் எதுவும் தூங்காது சார், ராத்திரி பகலா டெஸ்ட் ஓடும். அதனாலதான் எங்களுக்கு வரவே இல்லை."

மாதுதான் முதலில் சிரித்தார். "அப்போ சாப்பிட்டா நெட்டுக்குத் தூக்கம் வருதுங்க மேனேஜரே" என்றார். அந்தச் சிரிப்பு வண்டிக்கு வண்டி தாவிக் கேட் வரைக்கும் போனது. மேனேஜர் முன்பு சொன்னது அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, எல்லாருக்கும் ஜூஸ் குடுக்கச் சொல்லு" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆள் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

மஞ்சுளா அழவில்லை, நன்றி சொல்லவில்லை. மாதுவின் போனை வாங்கி, பிரஜ்வல் முகத்துக்கு நேராகப் பிடித்து, "சார், சாப்பிட்டு வந்தா நெட்டு இல்லைன்னு நான் மொதல்லயே சொல்லிட்டனே. இவரும் எழுதி அனுப்பினாரே. நீங்க படிக்கலீங்களா?" என்று கேட்டார்.

பிரஜ்வல் கொஞ்சம் தயங்கினான். "படிச்சேனுங்க. சாப்பாடு டெக்னிக்கல் விஷயம் இல்லைன்னு நெனச்சிட்டேன்."

இந்த வாக்கியத்தை நீங்கள் எங்கேயாவது எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனைக் குறை சொல்லி எழுதவில்லை. மூடிய புகாரை அன்றைக்கே திறந்து, தன் பெயரில் போட்டுக்கொண்டு, சரியான டிரைவர் வரும் வரை என்னை அவனாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் கம்ப்யூட்டரைத் தூங்காமல் வைத்திருக்க ஒரு செட்டிங்கை மாற்றினோம், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மஞ்சுளாவையும் நான் முழுக்க விட்டுவிட மாட்டேன். ஃபேனும் சீரும் கலந்து சொன்னால் யாருக்குத்தான் சாப்பாடு கண்ணில் படும். ஆனால் அதையெல்லாம் சலித்து எடுக்கத்தான் நாம் இருக்கிறோம். சலிக்கும்போது எதைக் கீழே தள்ளுகிறோம் என்று பார்த்துத் தள்ள வேண்டும். எதற்கும் உதவாது என்று தோன்றுவதை ஒரு நாள் கையில் வைத்திருங்கள். போகும்போது சில சமயம் சொல்லாமல் போங்கள். நமக்குக் கிடைக்கிற மரியாதை பல பழுதுகளை மறைத்துவிடும்.

அடுத்த சீசனில் மஞ்சுளாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஆள் தேறியிருந்தார். ஃபேன் இல்லை, சீர் இல்லை.

"சார், பிரிண்டர் வேல செய்யல. காலையில பேப்பர் போட்டதுக்கு அப்பறம் ஆரம்பிச்சிது. நான் எதையும் தொடல. கௌரியம்மாவையும் தொட வுடல. மேனேஜர் சார் வந்து பிளக்கப் புடுங்கி மாட்டலாம்னாரு. பழுது கலைஞ்சிரும், வெளிய நில்லுங்கன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன். நீங்க வாங்க."

போனேன். மேனேஜர் உண்மையிலேயே வெளியே நின்றுகொண்டிருந்தார், வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு. "சீக்கிரம் பாருங்க சார், உள்ள வுட மாட்டேங்குது" என்றார். மஞ்சுளா கதவைத் திறந்து என்னை மட்டும் உள்ளே விட்டு மறுபடி சாத்தினார்.

காகிதத் தட்டு முழுசாக உள்ளே போகவில்லை, ஒரு விரல் அளவு வெளியே இருந்தது. வாசலிலிருந்தே எனக்கு அது தெரிந்துவிட்டது. மஞ்சுளாவைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். டீ சொன்னார். மேனேஜர் வெளியே நிற்க, துண்டு விரித்த நாற்காலியில் உட்கார்ந்து, டீயை ஆற்றிக் குடித்து முடித்த பிறகுதான் அந்தப் பழுதைக் கண்டுபிடித்தேன்.